பொமரேனியனுக்குப் பிட்யூட்டரிக் கட்டியா? முதலில் பழைய ஊசிச் சீட்டுகளைத் தேடுங்கள்

கேள்வி: வணக்கம் டாக்டர். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, திருச்சியில் இருக்கிறேன். எங்கள் பொமரேனியன் ஜூலிக்குப் பத்து வயது, எடை ஒன்பது கிலோ. நாலைந்து மாதமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறாள். கிண்ணத்தை எத்தனை தடவை நிரப்பினாலும் காலி. ராத்திரியில் ஹாலிலேயே சிறுநீர் போய்விடுகிறாள். இத்தனை வருஷத்தில் அப்படிச் செய்ததே இல்லை. பசியும் அடங்குவதில்லை, குப்பைக் கூடையைக் கவிழ்க்கிறாள். வயிறு தொங்குகிறது, முதுகெலும்போ துருத்திக்கொண்டு தெரிகிறது. இரண்டு விலாவிலும் முடி கொட்டித் தோல் கறுத்துவிட்டது. எந்நேரமும் ஃபேனுக்கு அடியில் நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துக்கொண்டிருக்கிறாள். அரிப்புக்காக இரண்டு ஆண்டுகளாக அவ்வப்போது ஊசி போட்டுவருகிறோம். போட்டால் ஒரு மாதம் நன்றாக இருப்பாள். இப்போது பார்த்த டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, ‘குஷிங் நோயாக இருக்கலாம், மூளைக்கு அடியில் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி இருக்கக்கூடும், இன்னும் சில டெஸ்ட் எடுக்க வேண்டும்’ என்கிறார். உறவினர்களோ, ‘மூளையில் கேன்சர் என்றால் எதற்கு இழுத்தடிக்க வேண்டும், ஊசி போட்டுத் தூங்கவைத்துவிடுங்கள்’ என்கிறார்கள். அடுத்த மாதம் மகள் தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். அவளுக்கு இது தொற்றுமோ என்ற பயம் வேறு. ராத்திரியில் மட்டும் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடலாமா? இன்னொன்று: சென்னையில் என் தங்கை வீட்டுப் பூனைக்குச் சர்க்கரை நோய். இன்சுலினைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள், சர்க்கரை குறைந்தபாடில்லை. பூனை மட்டும் பெருத்துக்கொண்டே வருகிறது. அதற்கும் இதே சுரப்பி காரணமாக இருக்கலாம் என்று அங்குள்ள டாக்டர் சொன்னாராம். அப்படியும் உண்டா?

பதில்: தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்காதீர்கள். ராத்திரியும் வேண்டாம், வீட்டுக்கு விருந்தாளி வரும் நாளிலும் வேண்டாம். உங்கள் கடிதத்தில் உடனே பதில் சொல்ல வேண்டியது இது ஒன்றுதான். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நிறையக் குடிப்பதால்தான் நிறையப் போகிறாள் என்று நமக்குத் தோன்றும். ஜூலியைப் போன்ற நாய்களில் பெரும்பாலும் நடப்பது தலைகீழ். உடம்பில் கார்டிசால் என்ற ஹார்மோன் மிகும்போது (குஷிங் நோய் என்பது இந்த மிகுதிதான்), சிறுநீரைக் கெட்டியாக்கச் சொல்லும் ஹார்மோனின் பேச்சைச் சிறுநீரகம் சரியாகக் கேட்பதில்லை. நீர் வெளியே போய்க்கொண்டே இருக்கிறது, அதை ஈடுகட்டக் குடிக்கிறாள். கிண்ணத்தை எடுத்தால் சிறுநீர் நிற்காது, நாய்தான் வற்றிப்போகும். ராத்திரி பத்தரை, பதினொரு மணிக்கு ஒரு தடவை வெளியே கூட்டிப்போய் வாருங்கள். அவள் படுக்கும் மூலையில் பழைய பெட்ஷீட்டை நாலாக மடித்துப் போடுங்கள். திட்ட வேண்டாம், அவளால் அடக்க முடியவில்லை.

சரி, நோய்க்கு வருவோம். கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: அரிப்புக்காக இரண்டு ஆண்டுகளாக ஊசி. பிட்யூட்டரியை விட என்னை நிறுத்தியது அந்த வரிதான். அது என்ன ஊசி? பால் போல வெள்ளையாக, போடுவதற்கு முன் பாட்டிலைக் குலுக்கிவிட்டுப் போட்டார்களா? அப்படி இருக்கும் எல்லா ஊசியும் ஸ்டீராய்டு அல்ல, சில ஆன்டிபயாடிக்கும் அதே நிறம்தான். ஆனால் ஒரே ஊசியில் ஒரு மாதம் அரிப்பு நிற்கிறது என்றால், தசையில் தங்கி வாரக்கணக்கில் கசியும் ஸ்டீராய்டாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. டிரையாம்சினோலோன், மெத்தில்பிரெட்னிசோலோன் இரண்டும் அந்த வகை.

இது ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். பிட்யூட்டரி, ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை ரத்தத்தில் அனுப்புகிறது. அது சிறுநீரகங்களை ஒட்டியிருக்கும் இரண்டு அட்ரினல் சுரப்பிகளைக் கார்டிசால் சுரக்கவைக்கிறது. போதுமான கார்டிசால் வந்ததும் பிட்யூட்டரி அனுப்புவதைக் குறைத்துக்கொள்கிறது. மாடித் தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் சென்சார் மாதிரி. பிட்யூட்டரியில் கட்டி வந்தால் சென்சார் பழுதாகிவிடும். தொட்டி வழிந்தாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். கார்டிசால் போலவே வேலை செய்யும் ஸ்டீராய்டை வெளியிலிருந்து கொடுப்பதோ, தொட்டியில் லாரித் தண்ணீரை ஊற்றுகிற கதை. தொட்டி வழியும், ஆனால் மோட்டார் மாதக்கணக்கில் ஓடாமல் துருப்பிடித்துக் கிடக்கும். இரண்டு நாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் வித்தியாசம் தெரியாது. அதே தாகம், அதே தொப்பை, அதே முடி உதிர்வு. உள்ளே ஒன்றில் அட்ரினல் வீங்கியிருக்கும், மற்றதில் சுருங்கியிருக்கும்.

வைத்தியமும் நேர் எதிர். முதல் நாய்க்குக் கார்டிசாலைக் குறைக்கும் மருந்து வேண்டும். இரண்டாவது நாய்க்கு அதே மருந்தைக் கொடுத்தால், இருக்கிற கொஞ்ச நஞ்சமும் போய் நாய் சுருண்டு விழுந்துவிடும். அதற்குச் செய்ய வேண்டியது, வெளியிலிருந்து போகும் ஸ்டீராய்டை மெதுவாகக் குறைத்து, சொந்த அட்ரினல் விழித்துக்கொள்ளக் காத்திருப்பது. முடி திரும்ப முளைக்கச் சில மாதம் ஆகும், ஆனால் முளைக்கும். பயந்துபோய் நீங்களாகவே எல்லா மருந்தையும் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். அதிலும் நாய் மயங்கி விழும் ஆபத்து உண்டு.

ஆகவே டெஸ்ட்டுக்குப் போகும் முன் வீட்டை ஒரு சோதனை போடுங்கள். பழைய சீட்டுகள், காலி பாட்டில்கள், பாதி பிதுக்கிய டியூப்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போடுங்கள். காது சொட்டு மருந்து, கண் சொட்டு மருந்து, ஸ்ப்ரே எதையும் விட வேண்டாம். மனிதர்களின் படைக்குத் தடவ மெடிக்கலில் சீட்டில்லாமல் கொடுக்கும் கலவைக் களிம்புகள் நம் வீடுகளில் கட்டாயம் ஒன்றாவது இருக்கும். நாய்க்கும் தடவியிருப்போம், அவளும் நக்கியிருப்பாள். பின்பக்கம் சின்ன எழுத்தில் டெக்சாமெதசோன், பீட்டாமெதசோன், பிரெட்னிசோலோன், குளோபெட்டசால் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். கடைசி ஊசி எந்த மாதம் போட்டது என்பதைக் காலண்டரைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். இதை உங்கள் டாக்டரிடம் நீங்களாகவே சொல்ல வேண்டும். ஊசி போட்டவர் வேறொருவர் என்றால் இவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

இன்னொரு விஷயம் நீங்கள் எழுதவில்லை: ஜூலிக்குக் கருத்தடை அறுவை செய்திருக்கிறதா? செய்யாத பெண் நாய் திடீரென்று நிறையத் தண்ணீர் குடித்தால் எனக்கு முதலில் வரும் கவலை கர்ப்பப்பையில் சீழ். பருவம் வந்து போன ஒன்றிரண்டு மாதத்துக்குள் வரும். வாந்தி, சோர்வு, சாப்பிடாமை, பின்பக்கம் நாற்றத்தோடு கசிவு இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய அவசரம் அது. சில நாய்களில் கசிவே இல்லாமல் உள்ளேயே சீழ் கட்டிக்கொள்ளும். ஜூலி நாலைந்து மாதமாக நன்றாகத் தின்கிறாள் என்பதால் அது இல்லை என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் ஒரு ஸ்கேனில் பார்த்துவிடலாம். சர்க்கரை நோயும் சிறுநீரகக் கோளாறும் இதே தாகத்தைத் தரும். அவற்றை உங்கள் டாக்டர் எடுத்த ரத்தப் பரிசோதனை ஓரளவுக்குச் சொல்லியிருக்கும். தைராய்டு குறைந்தாலும் முடி கொட்டும், எடை ஏறும், ஆனால் இப்படித் தாகம் எடுக்காது. பொமரேனியனுக்கென்றே ஒரு முடி உதிர்வு உண்டு, அதில் நாய் மொட்டையாகும், மற்றபடி ஜம்மென்று இருக்கும்.

டாக்டரிடம் அடுத்த முறை போகும்போது ‘நிறையக் குடிக்கிறாள்’ என்று சொல்லாமல் ஒரு எண்ணைச் சொல்லுங்கள். காலையில் ஒரு லிட்டர் பாட்டிலில் இரண்டு தடவை அளந்து ஒரு பாத்திரத்தில் ஊற்றி வையுங்கள், அன்று முழுக்க அவள் கிண்ணத்துக்கு அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தை அளந்து கழித்துப் பாருங்கள். குளியலறை வாளி, செடித் தொட்டிக்கு அடியிலுள்ள தட்டு, ஏ.சி. தண்ணீர் விழும் பக்கெட் எதுவும் அவளுக்கு எட்டக் கூடாது. மோர்சாதத்தை நீர்க்கப் பிசைந்து வைக்கிற வீடு என்றால் அந்த நீரும் கணக்கில் சேரும். மூன்று நாள் இப்படிப் பாருங்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 100 மில்லிக்கு மேல் போனால் அது நோய்த் தாகம். ஜூலியின் கணக்குக்கு 900 மில்லி. சித்திரை வெயிலில் எந்த நாயும் கொஞ்சம் கூடக் குடிக்கும், ஆனால் கிலோவுக்கு 100 என்பது வெயிலையும் தாண்டிய கணக்கு.

இன்னும் ஒன்றைப் பாருங்கள். அவளை மல்லாத்தி, அடிவயிற்றுத் தோலை இரண்டு விரலால் மெல்லப் பிடித்துப் பாருங்கள். காகிதம் போல மெலிந்து, உள்ளே ஓடும் ரத்தக் குழாய்கள் தெளிவாகத் தெரிகின்றனவா? காம்புகளைச் சுற்றிக் கறுப்புப் புள்ளிகள்? பிடரியிலோ தொடை இடுக்கிலோ சுண்ணாம்பு படிந்தாற்போலக் கெட்டியான திட்டுகள்? ரத்தம் எடுக்கக் காலில் மழித்த இடத்தில் மாதங்கள் கழித்தும் முடி வளரவில்லையா? இவையெல்லாம் கார்டிசால் மிகுதியின் அடையாளங்கள். படம் எடுத்து வையுங்கள்.

இப்போது டெஸ்ட். சாதாரண ரத்தப் பரிசோதனையில் ஏ.எல்.பி. என்ற கல்லீரல் எண் உயர்ந்திருந்ததால்தான் உங்கள் டாக்டருக்குச் சந்தேகம் வந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். குஷிங் நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு அது உயரும். ஸ்டீராய்டு ஊசி போட்ட நாய்க்கும் உயரும். அதை வைத்து முடிவு கட்ட முடியாது. ஒரே ஒரு தடவை ரத்தம் எடுத்துக் கார்டிசால் பார்த்து ‘கூடுதல்’ என்று சொல்வதும் பயனில்லை. ஆட்டோவில் வந்து, ஆஸ்பத்திரி வாசலில் பத்து நாய்களின் குரைப்பைக் கேட்டு, மேசையில் தூக்கி வைக்கப்பட்ட எந்த நாய்க்கும் கார்டிசால் ஏறத்தான் செய்யும். அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

பயனுள்ள டெஸ்ட் மூன்று. வீட்டிலேயே, அவள் நிம்மதியாக இருக்கும் நாளில், காலை முதல் சிறுநீரை ஒரு நீளப் பிடிக் குழிக்கரண்டியால் பிடித்து, அதில் கார்டிசாலுக்கும் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளுக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பது ஒன்று. அது இயல்பாக இருந்தால் குஷிங் இல்லை என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம். உயர்ந்திருந்தால் மட்டும் உறுதியாகாது. உங்கள் ஊர் ஆய்வகம் இதைச் செய்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது, மிகக் குறைந்த அளவு டெக்சாமெதசோன் ஊசி போட்டு, போடுமுன்பும், நான்காவது மணியிலும், எட்டாவது மணியிலும் ரத்தம் எடுப்பது. நல்ல நாய்க்கு எட்டு மணி நேரத்தில் கார்டிசால் அடங்கியிருக்கும், குஷிங் நாய்க்கு அடங்காது. நாலாவது மணியில் அடங்கி எட்டில் மறுபடி எழுந்தால் கோளாறு பிட்யூட்டரியில்தான் என்றும் தெரிந்துவிடும். மூன்றாவது, ஏ.சி.டி.எச். ஊசியே போட்டு அட்ரினல் எவ்வளவு துள்ளுகிறது என்று பார்ப்பது. ஜூலி விஷயத்தில் நான் முதலில் கேட்பது இந்த மூன்றாவதைத்தான். பிட்யூட்டரிக் கட்டி என்றால் அட்ரினல் அளவுக்கு மீறித் துள்ளும், ஊசியால் வந்த கோளாறு என்றால் அசையவே அசையாது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது இதுதான்.

டெஸ்ட்டுக்கு நாள் குறிப்பது நீங்கள். வேறு காய்ச்சல், காயம், சீழ் எதுவும் இல்லாத நாளாக இருக்கட்டும். தீபாவளி வாரத்தில் வேண்டவே வேண்டாம். பட்டாசுச் சத்தத்தில் நடுங்கிய நாயின் கார்டிசாலை வைத்து எதைச் சொல்வது? அன்றைக்கே குளிப்பாட்டல், தடுப்பூசி, நகம் வெட்டல் எதையும் சேர்க்காதீர்கள். எட்டு மணி நேரமும் கூண்டில் விடாமல் அவளுடைய பாயைப் போட்டு நீங்கள் பக்கத்தில் இருக்க முடியுமா என்று கேளுங்கள். அப்புறம் வயிற்று ஸ்கேன். இரண்டு அட்ரினலும் ஒரே மாதிரி பெருத்திருந்தால் கோளாறு மேலே, பிட்யூட்டரியில். ஒன்று மட்டும் பெருத்து மற்றது சுருங்கியிருந்தால் கட்டி அந்த அட்ரினலிலேயே. இரண்டுமே சுருங்கியிருந்தால் மறுபடி அந்த ஊசிப் பையைத் திறக்க வேண்டும். திருச்சியிலேயே முடியாவிட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான்.

எல்லாம் பார்த்து, பிட்யூட்டரிதான் என்று உறுதியானது என்றே வைத்துக்கொள்வோம். இயல்பாகக் குஷிங் வரும் நாய்களில் 80 முதல் 85 சதவீதத்துக்கு அப்படித்தான். ‘மூளையில் கேன்சர்’ என்று உறவினர்கள் சொல்வதற்கும் இதற்கும் தூரம் அதிகம். பிட்யூட்டரி மூளைக்கு அடியில், எலும்புக் குழியில் உட்கார்ந்திருக்கும் சுரப்பி. நாய்க்கு அதன் உயரமே ஐந்தாறு மில்லிமீட்டர்தான். அதில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை மெதுவாக வளரும், வேறு இடத்துக்குப் பரவாத சாதுக் கட்டிகள். அது செய்யும் கெடுதல் ஹார்மோனைக் கொட்டுவது. சிலவற்றில் மட்டும் அது 10 மில்லிமீட்டரைத் தாண்டி வளர்ந்து மூளையை அழுத்தத் தொடங்கும். அப்போது நாய் மந்தமாகும், சுவரைப் பார்த்து நிற்கும், ஒரே பக்கமாகச் சுற்றும், கண் மங்கும், சாப்பாட்டை வெறுக்கும். ஜூலிக்கு இப்போது அப்படி எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை.

இந்த நோய்க்குப் பெயர் தந்த ஹார்வி குஷிங் மனிதர்களுக்கு அறுவை செய்த அமெரிக்க மருத்துவர். 1932-இல் மனிதர்களில் இந்தக் கட்டியை விளக்கினார். அதற்கு முன், 1910-லேயே, அவரும் சகாக்களும் நாய்களின் பிட்யூட்டரியை எடுத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்த்து எழுதியிருக்கிறார்கள். நாயிடம் கற்றது மனிதனுக்குப் போய், மறுபடி நாய்க்கே வந்திருக்கிறது. இன்று நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் போன்ற சில இடங்களில் வாய்க்குள் அண்ணத்தின் வழியாகவே சென்று நாயின் பிட்யூட்டரிக் கட்டியை எடுக்கிறார்கள். பெரிய கட்டிக்குக் கதிர்வீச்சும் உண்டு. உங்கள் ஜூலிக்கு அவ்வளவு தூரம் போகச் சொல்ல மாட்டேன். மாத்திரை போதும்.

அந்த மாத்திரை பெரும்பாலும் டிரைலோஸ்டேன் என்ற கேப்ஸ்யூலாக இருக்கும். கட்டியை அது தொடுவதில்லை. அட்ரினல் கார்டிசால் தயாரிப்பதைத் தடுக்கிறது, அவ்வளவுதான். அதனால் வாழ்நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும். எப்போதும் சாப்பாட்டோடு கொடுங்கள், வெறும் வயிற்றில் சரியாக உடம்பில் சேராது. குறைந்த அளவில் தொடங்கிப் பத்துப் பதினான்கு நாளில் ஒரு தடவை, ஒரு மாதத்தில், மூன்றாவது மாதத்தில், அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்க்க வேண்டியிருக்கும். செலவு மாத்திரையோடு முடிவதில்லை என்பதை ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. பக்கத்து மெடிக்கலில் நினைத்த நேரத்தில் வாங்குகிற மருந்தும் அல்ல, தீருவதற்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவையுங்கள். தாகமும் பசியும் முதல் சில வாரங்களிலேயே குறையும். வயிறும் முடியும் மாதங்கள் எடுக்கும். சில நாய்களுக்கு முளைக்கிற முடி வேறு நிறத்தில் வந்து வீட்டாரைத் திகைக்கவைக்கும்.

மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து உங்கள் கவலையைத் திருப்பிப் போட வேண்டும். இதுவரை அவள் அதிகமாகத் தின்பதைப் பார்த்துப் பயந்தீர்கள். இனி அவள் ஒரு வேளை சாப்பாட்டை முகர்ந்துவிட்டு விலகினால் பயப்படுங்கள். குஷிங் நாய் சாப்பாட்டை மறுப்பது சும்மா நடக்காது. கார்டிசால் தேவைக்கும் கீழே இறங்கியிருக்கலாம். சாப்பிடவில்லை, வாந்தி, கழிச்சல், கால் நடுக்கம், எழ முடியாத சோர்வு: இதில் எது வந்தாலும் அடுத்த கேப்ஸ்யூலைக் கொடுக்காதீர்கள், டாக்டருக்குப் போன் செய்யுங்கள். ஒரு வேளை மருந்து விட்டுப்போனால் ஒன்றும் ஆகாது. நோயுற்ற நாய்க்கு ஒரு வேளை கூடுதலாகப் போனால் உயிருக்கு ஆபத்து. வேலைக்கு வரும் பெண்மணி, பக்கத்து வீட்டுக்காரர், யார் ஜூலியைப் பார்த்துக்கொண்டாலும் இதை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவையுங்கள்.

எல்லாக் குஷிங் நாய்க்கும் மாத்திரை தேவை என்றும் நான் நினைப்பதில்லை. எண் உயர்ந்திருக்கிறது, நாயோ சந்தோஷமாகத் திரிகிறது என்றால் காத்திருக்கலாம். ஜூலி அந்த வகை இல்லை. எந்நேரமும் இரைக்கிறாள், தசை கரைந்து முதுகெலும்பு தெரிகிறது. ரத்த அழுத்தமும், சிறுநீரில் புரதம் போகிறதா என்பதும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த நோயில் நாயைத் தொந்தரவு செய்பவை அவையும், நுரையீரலில் அடைக்கும் ரத்தக் கட்டியும், மறைந்து கிடக்கும் சிறுநீர்த் தொற்றும்தான். டைல்ஸ் தரையில் கால் வழுக்கும், நடக்கும் வழியில் மிதியடி போடுங்கள். முடி கொட்டிய இடத்தில் யாராவது வேப்பெண்ணெய் தடவச் சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள், அந்தத் தோல் அவ்வளவு தாங்காது.

உறவினர்களுக்குச் சொல்லுங்கள் டீச்சர்: ஒழுங்காக மருந்து கொடுத்துக் கவனிக்கப்படும் நாய்களில் பாதிக்கு மேல் இரண்டு ஆண்டு அளவிலோ அதற்கு மேலோ வாழ்கின்றன, பல கடைசியில் வேறு முதுமை நோயால்தான் போகின்றன. பத்து வயதுப் பொமரேனியனுக்கு இரண்டு ஆண்டு என்பது சின்ன விஷயமா? தூங்கவைப்பது பற்றி நான் பேசுவது, கட்டி பெரிதாகி மூளையை அழுத்தி, சிகிச்சைக்கு வழியில்லாமல், அவள் உங்களையே அடையாளம் தெரியாமல் சுற்றும் நாள் வந்தால்தான். டெஸ்ட்கூட முடியாத ஒரு நாய்க்கு அந்தப் பேச்சு இப்போது எதற்கு?

தங்கை வீட்டுப் பூனைக்கு வருகிறேன். அங்குள்ள டாக்டர் கூர்மையானவர். அதே பிட்யூட்டரிதான், ஆனால் கொட்டுவது வேறு ஹார்மோன். பூனைகளில் இந்தச் சுரப்பியின் கட்டி பெரும்பாலும் வளர்ச்சி ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும். அக்ரோமெகலி என்பார்கள். நடுத்தர வயது தாண்டிய ஆண் பூனைகளில் அதிகம். அந்த ஹார்மோன் இன்சுலினை வேலை செய்யவிடாது. சர்க்கரைக்கும் பிட்யூட்டரிக்கும் உள்ள இந்த உறவை அர்ஜென்டினாவின் பெர்னார்டோ ஹூசே கண்டுபிடித்ததும் நாய்களை வைத்துத்தான், 1947-இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனாலும் பூனை டாக்டர்கள் இதை அபூர்வம் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். பிரிட்டனில் 1,221 சர்க்கரைப் பூனைகளின் ரத்தத்தைப் பார்த்து 2015-இல் வெளியான ஆய்வில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு இதற்கான அளவு உயர்ந்திருந்தது. அபூர்வம் என்று ஒதுக்க முடியாத எண்.

துப்பு நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. சர்க்கரை கட்டுப்படாத பூனை இளைக்க வேண்டும், இது பெருக்கிறது. தங்கையிடம் மூன்று வருஷத்துக்கு முந்தைய போட்டோ ஒன்றை எடுத்து இன்றைய முகத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். முகம் அகன்று, கீழ்த்தாடை முன்னே நீண்டு, பாதங்கள் பெருத்திருக்கிறதா? தூங்கும்போது குறட்டை விடுகிறதா? தினம் பார்ப்பவர்களுக்கு இது தெரியாது. முகத்தில் மாற்றமே தெரியாத அக்ரோமெகலிப் பூனைகளும் உண்டு, அதனால் முகம் மாறவில்லை என்று விட்டுவிட வேண்டாம். ஐ.ஜி.எஃப்-1 என்ற ரத்தப் பரிசோதனை வழி காட்டும். இன்சுலின் தொடங்கி ஆறு, எட்டு வாரமாவது ஆன பிறகு எடுத்தால்தான் நம்பலாம்.

ஆனால் அதற்கு முன் எளிய காரணங்களைப் பார்க்க வேண்டும். இன்சுலின் பாட்டில் ஃபிரிட்ஜ் கதவில் எத்தனை மாதமாக இருக்கிறது? 40 யூனிட் மருந்துக்கு 100 யூனிட் சிரிஞ்சை வைத்து ஏற்றுகிறார்களா? பல்லில் சீழ், சிறுநீரில் தொற்று இருக்கிறதா? அந்தப் பூனைக்கும் யாராவது அரிப்பு ஊசி போடுகிறார்களா? இன்சுலின் எவ்வளவு ஏறினாலும் ஒரு நாள் திடீரென்று சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கும் ஆபத்து இந்தப் பூனைகளுக்கு உண்டு. தள்ளாடினாலோ வலிப்பு வந்தாலோ ஈறில் தேனைத் தடவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். லண்டன் ராயல் வெட்டர்னரி காலேஜில் அறுவை செய்து கட்டியை எடுத்த பூனைகளில் பலவற்றுக்கு இன்சுலினே தேவைப்படாமல் போயிருக்கிறது. அது கைக்கு எட்டாத இடத்தில் கேபர்கோலின் போன்ற மருந்தை முயன்று பார்ப்பதும் உண்டு, சிலவற்றுக்குக் கேட்கிறது. அதுவும் இல்லையென்றால் சர்க்கரையை ஓரளவில் வைத்து, இதயத்தையும் கவனித்துக்கொண்டு போவதுதான்.

பிட்யூட்டரி என்றதும் எல்லாமே அதிகமாகச் சுரப்பது என்று எண்ணிவிட வேண்டாம். சிறுநீரைக் கெட்டியாக்கும் ஹார்மோனை அது தராமல் விட்டால், நாய் பக்கெட் பக்கெட்டாகக் குடித்துத் தண்ணீரையே சிறுநீராகக் கழிக்கும். டயாபடீஸ் இன்சிபிடஸ் என்று பெயர். சர்க்கரைக்கும் அதற்கும் தொடர்பில்லை. டெஸ்மோபிரசின் என்ற மருந்தைக் கண்ணில் சொட்டாகவே விட்டுச் சமாளிக்கலாம். கிண்ணத்தை எடுப்பது அந்த நாயை சில மணி நேரத்திலேயே ஆபத்தில் தள்ளிவிடும். ஜெர்மன் ஷெப்பர்டு குட்டிகளில் பிறப்பிலேயே வளர்ச்சி ஹார்மோன் வராத குறை ஒன்று உண்டு. இரண்டு மூன்று மாதத்தில் கூடப்பிறந்தவை வளர்ந்துவிட, இது மட்டும் பஞ்சு முடியோடு குட்டியாகவே நிற்கும். அழகாக இருக்கிறது என்று வாங்குபவர்கள் இருக்கிறார்கள். எல்.ஹெச்.எக்ஸ்.3 என்ற மரபணுவின் பிழை அது, தாய் தந்தை இரண்டும் சுமந்தால்தான் குட்டிக்கு வரும். அப்படிப்பட்ட ஜோடியை மறுபடி சேர்க்கக் கூடாது.

கடைசியாக உங்கள் மகள். இது தொற்றுநோய் இல்லை. ஜூலியைத் தொடுவதாலோ, ஹாலைத் துடைப்பதாலோ, ஒரே அறையில் தூங்குவதாலோ யாருக்கும் வராது. குழந்தை வந்த பிறகும் அப்படித்தான். கவனிக்க வேண்டியது மருந்தைத்தான். டிரைலோஸ்டேன் கேப்ஸ்யூலைக் கர்ப்பிணிகள் கையால் தொடக் கூடாது. கருத்தரிக்க முயலும் பெண்களும் அப்படியே. அதனால் மருந்து கொடுப்பது உங்கள் வேலையாக இருக்கட்டும். கேப்ஸ்யூலைப் பிரித்துப் பொடியைச் சாதத்தில் கலக்காதீர்கள், முழுசாகவே ஒரு உருண்டைக்குள் வைத்துக் கொடுங்கள். கொடுத்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஜூலி துப்பியிருக்கிறாளா என்று படுக்கைக்கு அடியில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், தரையில் கிடக்கும் கேப்ஸ்யூலை மகள் எடுக்க நேரக் கூடாது.